ரூபியை எந்தப் புத்தகத்தில் சந்திப்பது?

1960 நவம்பர் 14. நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃப்ரான்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ், மார்ஷல்கள் எனப்படும் மத்திய அரசுக் காவலர்களின் துணையோடு நுழைந்தாள். அமெரிக்க நிறப்பாகுபாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தேடிப் புறப்படும் பெற்றோர் பலர் முதலில் வந்து சேரும் கதை இது. இந்த ஒரு கதைக்கே இரண்டு புத்தகங்கள் மல்லுக்கு நிற்கின்றன.

முதலாவது, ராபர்ட் கோல்ஸ் எழுதி ஜார்ஜ் ஃபோர்டு படம் வரைந்த ‘தி ஸ்டோரி ஆஃப் ரூபி பிரிட்ஜஸ்’ (1995). கோல்ஸ் குழந்தைகள் மனநல மருத்துவர். அந்த நாட்களிலேயே ரூபியைச் சந்தித்துப் பேசியவர். ஒருநாள் காலை, அவள் அந்தப் பள்ளிக்கு வருவதை எதிர்த்துக் கூச்சலிடும் வெள்ளையர் கும்பலின் நடுவே ரூபி நின்றுவிடுகிறாள். உதடுகள் அசைகின்றன. அவள் கும்பலோடு பேசுகிறாள் என்று ஜன்னலிலிருந்து பார்க்கும் ஆசிரியை நினைத்துக்கொள்கிறார். அவளோ பிரார்த்தனை செய்துகொண்டிருந்தாள். வழக்கமாகப் பள்ளியை நெருங்கும் முன்பே முடித்துவிடுவாள், அன்று மறந்துவிட்டதாம். தன்னைத் திட்டுகிறவர்களை மன்னிக்கும்படி கடவுளிடம் கேட்கும் அந்தப் பிரார்த்தனையோடு புத்தகம் முடிகிறது.

உருக்கமான இடம்தான். ஆனால் வாசித்துக் காட்டிப் பாருங்கள்: கேட்கும் பிள்ளை வாய் மூடிவிடும். ரூபி மெல்ல மெல்லப் புனிதர் ஆகிவிடுகிறாள். புனிதரிடம் என்ன கேள்வி கேட்பது?

இரண்டாவது, ரூபி தானே எழுதிய ‘த்ரூ மை ஐஸ்’ (1999). கறாராகச் சொன்னால் இது படக்கதை அல்ல, புகைப்படங்கள் நிறைந்த நினைவுக் குறிப்பு. எட்டு வயதுக்குக் கீழே எடுபடாது. ஆனால் இதில் வருகிறவள் அசல் சிறுமி. கூட்டத்தைக் கண்டதும் மார்டி க்ரா திருவிழா என்று நினைத்துவிடுகிறாள். ‘இரண்டு, நான்கு, ஆறு, எட்டு’ என்று தொடங்கி, கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காதே என்று முடியும் கோஷத்தின் சந்தம் பிடித்துப்போய், வீட்டுக்கு வந்து தோழியோடு அதையே பாடிக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடுகிறாள். பொருள் தெரியாது. மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டவள் வகுப்பில் தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் சாண்ட்விச்சை அலமாரியில் ஒளித்து வைக்கிறாள், பாலைப் பசை ஜாடியில் ஊற்றுகிறாள். கும்பலில் ஒருத்தி சவப்பெட்டியில் கறுப்புப் பொம்மையை வைத்துக் காட்டியது மற்ற எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்துகிறது. இதைக் கேட்ட பிள்ளை சும்மா இருக்காது. அலமாரிக்குள் சாண்ட்விச் என்ன ஆனது என்றாவது கேட்கும்.

ரூபியை விட்டு வெளியே வந்தால், 2001-இல் வந்த இரண்டு கற்பனைக் கதைகளை அருகருகே வைக்கலாம். ஜாக்குலின் உட்சனின் ‘தி அதர் சைட்’ கதையில் ஊரை இரண்டாக்கும் வேலிக்கு இந்தப் பக்கம் கறுப்பினச் சிறுமி க்ளோவர், அந்தப் பக்கம் வெள்ளைச் சிறுமி ஆனி. வேலியைத் தாண்டாதே என்பது அம்மாவின் உத்தரவு. வேலிமேல் உட்காராதே என்று யாரும் சொல்லவில்லையே! பிள்ளைகளுக்கே உரிய இந்தச் சட்ட நுணுக்கம் ஐந்து வயதுக்கும் புரியும். இ. பி. லூயிஸின் நீர்வண்ணம் வெயிலைக்கூட வரைந்துவிடுகிறது. குறை ஒன்று உண்டு: வேலியைப் போட்டது யார் என்ற பேச்சே இல்லை.

டெபோரா வைல்ஸின் ‘ஃப்ரீடம் சம்மர்’ அந்தப் பேச்சை எடுக்கிறது. 1964-இல், பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடை செய்யும் சிவில் உரிமைகள் சட்டம் வருகிறது. நகராட்சி நீச்சல் குளம் நாளை முதல் எல்லோருக்கும். வெள்ளைச் சிறுவன் ஜோவும் கறுப்பின நண்பன் ஜான் ஹென்றியும் விடியற்காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால், குளத்தைத் தாரால் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நிரப்பும் கூலியாட்களில் ஜான் ஹென்றியின் அண்ணனும் ஒருவன். சட்டம் வந்த பிறகும் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை இத்தனை சுருக்கமாகச் சொன்ன குழந்தைப் புத்தகம் வேறெதையும் நான் படித்ததில்லை. கதை சொல்வது வெள்ளைச் சிறுவன் என்பது மட்டும் எனக்கு உறுத்தல்.

என் வரிசை இது: ஐந்து வயதில் வேலி, ஏழில் தார் ஊற்றிய குளம், எட்டு தாண்டியதும் ரூபியின் சொந்தப் புத்தகம். கோல்ஸின் புத்தகத்தைக் கடைசியாக எடுக்கலாம். சாண்ட்விச்சை ஒளித்து வைத்தவள்தான் நடுத்தெருவில் நின்று பிரார்த்திக்கிறாள் என்று அப்போது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.