பின்னால் இரண்டு டயரா, நான்கா?

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-350 பிக்கப் டிரக் வாங்கி அதன் முதுகில் கேம்பர், அதாவது தங்கும் வசதியுள்ள கூண்டு, ஏற்ற நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

இரண்டு டயர் வண்டி அன்றாட ஓட்டத்துக்குச் சுகம். அகலம் சுமார் 80 அங்குலம். நான்கு டயர் வண்டியில் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர்; அகலம் 96 அங்குலம், அதாவது எட்டு அடி, பார்க்கிங்கில் திணறும். உள் டயர் பஞ்சரானால் வெளி டயரையும் கழற்ற வேண்டும்.

சரி, எடைக்கு வருவோம். எல்டி 275/70 ஆர்18 அளவில், ஈ என்ற சுமை ரக டயர் ஒன்று 80 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 3,640 பவுண்டு தாங்கும். இரண்டுக்கும் 7,280. காலி வண்டியின் பின்பாரமே 3,000 பவுண்டை நெருங்கும். தண்ணீர், கேஸ், பேட்டரி, சாமான் எல்லாம் சேர்த்து 4,000 பவுண்டு கேம்பர் ஏறினால் மிச்சம் என்ன இருக்கிறது?

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை (ஏர்பேக்) போட்டால் போதும் என்பார்கள். தொங்கிய பின்பக்கம் நிமிரும், அவ்வளவுதான். டயரின் தாங்குதிறன் ஒரு பவுண்டுகூட ஏறாது. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் உள்ள, வண்டியில் ஏற்றக்கூடிய எடையின் எண்ணும் மாறாது.

குளியலறை, ஸ்லைடு-அவுட் (வெளியே நீளும் பக்கப் பகுதி) உள்ள பெரிய கேம்பருக்கு நான்கு டயர்தான். வளைவில் ஆட்டமும் குறையும். கூரை மடங்கும் சிறிய பாப்-அப்புக்கு இரண்டு தாராளம். எதுவானாலும், தொட்டி நிறையத் தண்ணீரோடு எடைமேடைக்குப் போய்ப் பின் அச்சைத் தனியாக நிறுத்துப் பாருங்கள்.