பழைய நீராவிக் கப்பல்: இன்ஜினை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

1914-இல் அமெரிக்காவில் கட்டிய ‘மெதினா’ சரக்குக் கப்பல் பின்னாளில் டீசலுக்கு மாறியது. பயணிகள் கப்பலாகி, அப்புறம் ‘டூலோஸ்’ என்ற பெயரில் மிதக்கும் புத்தகக் கடையாகி, 2009 வரை கடலில் ஓடியது. டீசலில் எரிபொருள் மிச்சம். கொதிகலனைக் கவனிக்கத் தனி ஆளும் வேண்டாம்.

வட அமெரிக்கப் பேரேரிகளில் 1906-இல் இறங்கிய ‘செயின்ட் மேரீஸ் சேலஞ்சர்’ நீராவியை விடவே இல்லை. 1950-இல் இன்ஜினை மாற்றியபோதும் நீராவி இன்ஜினையே வைத்தார்கள். நன்னீர் உப்புநீர் அளவுக்கு இரும்பை அரிக்காது. அதனால் கப்பலின் உடல் தாங்கியது. சிமென்ட் சுமந்தபடி 2013 வரை ஓடியது. பிறகு இன்ஜினைக் கழற்றி, இழுவைப் படகு தள்ளும் பார்ஜ் ஆக்கிவிட்டார்கள்.

கடலுக்கு டீசல்தான் சரி. ஆனாலும் நூறாண்டு தாண்டியும் நீராவியில் உழைத்த சேலஞ்சர்மீதுதான் எனக்கு மதிப்பு அதிகம்.