குறுக்கே அடிப்பதா, நேர்கோட்டில் அடிப்பதா?

டென்னிஸில் உங்களைவிடக் கைதேர்ந்த ஆள் எதிரே நின்றால் என் ஓட்டு குறுக்கு அடிக்கே, அதாவது மூலைக்கு மூலை அடிப்பதற்கே. வலையின் உயரம் நடுவில் 91.4 செ.மீ., கம்பத்தருகே 107. ஒற்றையர் களம் நேராக 23.77 மீட்டர், மூலைக்கு மூலை சுமார் 25.15. குறுக்கே போகும் பந்து நடுப்பக்கமாகத் தாண்டுவதால் வலையும் தாழ்வு, இடமும் கூடுதல்.

நேர்கோட்டு அடி எதிராளிக்கு மூச்சுவிட நேரம் தராது, பார்க்கவும் அழகு. ஆனால் குறுக்கே வரும் பந்தைத் திருப்பும்போது மட்டை முகம் கொஞ்சம் பிசகினாலும் பக்கக்கோட்டுக்கு வெளியேதான். பந்து குட்டையாக விழுந்து, நீங்களும் களத்துக்குள் கால் வைத்திருந்தால் மட்டும் முயலுங்கள்.

வாளையார், பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், பந்து எம்மாத்திரம்? எதிர்க்காற்றில் வலைக்கு மேல் ஒரு மட்டை நீளம் தூக்கி அடியுங்கள். இல்லாவிட்டால் பாதியில் விழும். முதுகுக்காற்றில் அதே அடி பின்கோட்டைத் தாண்டும், பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டுச் சீக்கிரம் கீழிறக்கும் டாப்ஸ்பின்னைக் கூட்டுங்கள்.