பீலித் தண்ணியா, கிணத்துத் தண்ணியா, டவுன் குழாயா: மூன்றிலும் குடித்தனம் நடத்தியவளின் கணக்கு

பிளேன்டியில், அதாவது பால் விடாத தேத்தண்ணியில் இருந்தே தொடங்கலாம். கல்யாணம் முடிந்து மாத்தளைக்குப் போன முதல் வாரம், எங்கள் தோட்டத்துத் தேயிலையை வைத்துத்தான் தேத்தண்ணி ஊற்றினேன். நிறம் மங்கிப்போய் மண் கலர். கொஞ்சம் ஆறியதும் மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை, குடித்து முடித்தால் கோப்பையின் விளிம்பைச் சுற்றிப் பழுப்பு வளையம். தூளில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மாமி ஒரு வார்த்தை சொல்லாமல் கேத்தலைத் திறந்து காட்டினார். அடியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக ஒரு படை, விரலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

மாத்தளையில் எங்களுக்குக் கிணற்றுத் தண்ணி. அதற்கு முன் நான் வளர்ந்தது ஹட்டன் பக்கம் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), மலை ஊற்றிலிருந்து வடிந்து வருகிற பீலித் தண்ணியில். இப்போது ஒன்பது வருடமாக நுவரெலியா டவுன் குழாய்த் தண்ணி. மூன்றிலும் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்துவிட்டேன். "பீலித் தண்ணி மாதிரி வராது" என்று எங்கள் ஆட்கள் சொல்வதில் பாதி உண்மை, மற்றப் பாதி ஆபத்து.

உண்மையான பாதி இதுதான். மேல்மலையில் பெய்கிற மழை அவ்வளவு லேசில் கரையாத பாறைமேல் ஓடி வருகிறது, அதனால் கல்சியமும் மக்னீசியமும் அதில் குறைவு. பள்ளிக்கூடத்தில் மென்னீர், வன்னீர் என்று படித்தோமே, அது இதுதான். கல்சியம் காபனேற்றுக் கணக்கில் லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் மென்னீர், 180-ஐத் தாண்டினால் கடும் வன்னீர். மாத்தளை, திகண பக்கம் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல்லும் டொலமைட்டும் பட்டை பட்டையாக ஓடுகிறது, சுண்ணாம்புச் சூளைகள் அங்கே இருப்பதும் அதனால்தான். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியதும் மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தூவுகிறார்களே டொலமைட், அதே கல்தான் கிணற்றுத் தண்ணியிலும் கரைந்து வருகிறது. சிங்களத்தில் இந்த மாதிரித் தண்ணியைக் கிவுல் என்பார்கள்.

வீட்டு வேலையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கிணற்றுத் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது, தயிர் திரிந்த மாதிரி வாளியில் மிதக்கும், வெள்ளைச் சட்டை நாலு துவைப்பில் சாம்பல் பூக்கும், தலைமுடி நார் மாதிரி ஆகும். கொண்டைக் கடலை ராத்திரி முழுக்க ஊறினாலும் தோல் மெத்தென்று ஆகாது. கல்சியம் தோலில் இருக்கிற பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. சிட்டிகை அப்பச்சோடா போட்டு ஊறவைத்தால் சரியாகும். கொதிக்கிற சூட்டில்தான் சுண்ணாம்பு அதிகம் படியும் என்பதால் கேத்தலும் ஹீட்டரும் அடிக்கடி பழுதாகும். மாதம் ஒருமுறை தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட்டுக் கொதிக்க வைத்து ஊற்றினால் கேத்தலாவது தப்பும்.

பீலித் தண்ணியில் இது எதுவும் கிடையாது. ஆனால் குளிக்கும்போது எவ்வளவு தண்ணி ஊற்றினாலும் சவர்க்காரம் போகாத மாதிரி வழுக்கும், பழகாத ஆட்களுக்கு அது எரிச்சல். இன்னொன்று பலருக்குத் தெரியாது: மென்னீர் இரும்பைத் தின்னும். வன்னீர் குழாய்க்கு உள்ளே தானே ஒரு சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக்கொள்கிறது, மென்னீரில் அந்தக் காப்பு இல்லை, போதாததற்கு லேசான புளிப்பும் உண்டு. தோட்டங்களில் பழைய இரும்புக் குழாய் வழியாக வருகிற தண்ணி காலையில் முதல் வாளி காவியாக விழுவது அதனால்தான். ஊற்றைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை, குழாயை மாற்ற வேண்டும்.

சரி, ஆபத்தான பாதி. மென்னீர் என்றால் சுத்தமான நீர் என்று அர்த்தமில்லை. வன்மைக்கும் கிருமிக்கும் சம்பந்தமே கிடையாது. பளிங்கு மாதிரித் தெரிகிற பீலித் தண்ணியைக் குடித்து, ஒரு மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் அடுத்தடுத்து ஆறு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். என் தம்பி மகனும் அதில் ஒருவன், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறியது. ஊற்றுக்கு மேலே கூப்பிடு தூரத்தில் இன்னொரு லயத்தின் கக்கூஸ் குழி. மழை பெய்தால் அது எங்கே வடியும் என்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். எஸ்.எல்.எஸ். 614 என்கிற இலங்கைக் குடிநீர்த் தரத்தில் வன்மை லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை போகலாம், ஆனால் 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பது அந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது. இத்தனை வருடம் பார்த்ததில் சொல்கிறேன், மாத்தளைக் கிணற்றின் சுண்ணாம்பு எங்கள் சட்டைகளைக் கெடுத்தது, பிள்ளைகளைக் கெடுக்கவில்லை.

கிருமி கொதித்தால் சாகும். நுவரெலியா உயரத்தில் தண்ணி ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்றாலும், கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். (அதே 94 பாகையால்தான் இங்கே கடலை வேக நேரம் எடுக்கிறது, தண்ணியைத் திட்டாமல் பிரஷர் குக்கரை எடுங்கள்.) கொதிக்க வைத்தாலும் போகாதது உரம். ஊற்றுக்கு மேலே லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்தால் நைத்திரேற்று இறங்கி வரலாம், கொதிக்க வைக்க வைக்க நீர் வற்றி அது செறிவாகத்தான் ஆகும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணி வேண்டவே வேண்டாம்.

டவுன் குழாய்க்கு வருகிறேன். குளோரின் மணம், பெருமழை நாளில் கலங்கல், அப்புறம் நினைத்த நேரத்துக்கு வராதது, இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த மணம் எனக்கு இப்போது நிம்மதி. வழியில் ஏதாவது சேர்ந்தாலும் அடக்க ஒரு ஆள் தண்ணியோடு கூடவே வருகிறான் என்று அர்த்தம். மூடாமல் ஒரு ராத்திரி வைத்தால் மணம் பெரும்பாலும் போய்விடும், மேலே மெல்லிய துணி ஒன்று கட்டினால் போதும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது டாங்கியைக் கழுவாமல் தண்ணியைப் பழி சொல்வது நியாயமில்லை.

இங்கே சில வீடுகளில் கடன் வாங்கி, தண்ணியில் கரைந்த உப்பை வடித்தெடுக்கிற ஆர்.ஓ. மெஷின் பூட்டுகிறார்கள். மனசு வலிக்கிறது. மேல்மலைத் தண்ணியில் எடுப்பதற்கு உப்பு எங்கே இருக்கிறது? அனுராதபுரம், வவுனியா பக்கம் வன்மையும் புளோரைட்டும் கூடிய தண்ணிக்கு அது தேவை. சிறுநீரக நோய் பயத்தை அங்கிருந்து இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். அந்தக் காசில் பாதிக்கு ஊற்றுக்குக் கல்லால் கட்டி மூடி, சுற்றி வேலி அடிக்கலாம்.

ஆக, குடிக்கவும் பிள்ளைகளுக்கும் நான் எடுப்பது டவுன் குழாய், கொதிக்க வைத்து. துவைக்க, முழுக, தேத்தண்ணி ஊற்ற பீலித் தண்ணிக்கு இணை இல்லை, மேலே என்ன இருக்கிறது என்று ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வந்தால். மாத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிணறு போதும், சுண்ணாம்புக்காகக் குடிக்கப் பயப்பட வேண்டாம், கிருமிக்காகக் கொதிக்க வைத்தால் சரி, மழைநீரைப் பிடித்து உடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு போத்தலில் பாதி தண்ணி, கொஞ்சம் சீவிய சவர்க்காரம் போட்டுக் குலுக்குங்கள், நுரை நின்று தண்ணி தெளிந்தால் மென்னீர், திரிந்து கலங்கினால் வன்னீர். கிருமிக்கு இந்தச் சோதனை உதவாது, அதற்கு பி.எச்.ஐ. ஐயாவை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டு மாதிரி கொடுக்க வேண்டும்.

அம்மா மாதம் ஒருமுறை வரும்போது அஞ்சு லிட்டர் கேனில் பீலித் தண்ணி தூக்கிக்கொண்டு வருவார். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருப்பார். நான் அதைக் கேத்தலில் ஊற்றிக் கொப்பளிக்க விட்டு, ஒரு நிமிடம் கழித்துத்தான் இறக்குகிறேன். பிளேன்டி செம்புச் சிவப்பில் வருகிறது.