சரிவு நிலத்துக்கு வெட்டிவேரா, அன்னாசியா? பிஜியிலிருந்து ஓர் ஒப்பீடு

விட்டி லேவு தீவின் மழைப் பக்கத்தில், நைட்டாசிரி மலைச்சரிவுகளில் இஞ்சி போடுகிறவர்களுக்குப் பெரிய கவலை மண்தான். செப்டம்பரை ஒட்டி இஞ்சி நடுவோம். நவம்பரில் பெருமழை தொடங்கிவிடும். பக்கத்துச் சூவாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. கொத்திவிட்ட நிலத்தில் அது இறங்கினால் மேல்மண் ரேவா ஆற்றோடு போய்க் கடலில் பவளப்பாறைமேல் படிகிறது.

இதைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் உயிர்வேலி வைக்கிறோம். அதற்கு இங்கே போட்டி வெட்டிவேருக்கும் அன்னாசிக்கும்தான். எங்கள் குத்தகை நிலத்தில் நான் வைத்தது வெட்டிவேர்.

அன்னாசியின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. கன்று எளிதில் கிடைக்கும், ஒன்றரை வருடத்துக்குள் பழம், பழத்துக்குக் காசு. இரட்டை வரிசையாக நெருக்கி நட்டால் மண்ணையும் ஓரளவு பிடிக்கும்.

நான் முடிவெடுத்தது பராமரிப்பை வைத்து. உயிர்வேலியில் ஓர் இடைவெளி விழுந்தால், சரிவில் பரந்து வரும் தண்ணீர் முழுவதும் அந்த வாய்க்குத்தான் ஓடும். அங்கே ஓடை அறுக்கும். வேலியே இல்லாத நிலத்தைவிடக் கேடு. அன்னாசி சில போகத்துக்குப் பிறகு சிறுத்துப்போகும், பிடுங்கி மறுபடி நட வேண்டும். புதுக்கன்று வேர் பிடிப்பதற்குள் பெருமழை வந்தால் அந்த ஆண்டுக் காவல் போயிற்று. பழம் அறுக்கப் போகிறவர்களும் வரிசையை மிதிப்பார்கள். வெட்டிவேருக்கு முதல் இரண்டு வருடம்தான் பாடு: பட்டுப்போன இடத்தில் உடனே தூர் பிரித்து நட வேண்டும். வரிசை அடைத்துக்கொண்ட பிறகு, வருடத்தில் இரண்டு மூன்று தடவை முழங்கால் உயரத்துக்கு அரிந்துவிட்டால் போதும். அரிந்த புல் இஞ்சிப் பாத்திக்கு மூடாக்கு. அன்னாசி வேர் மேலோடு நிற்க, வெட்டிவேர் நல்ல மண்ணில் 3 மீட்டர்வரை இறங்குகிறது. வந்த மண் வேலியின் மேற்பக்கம் தேங்கித் தேங்கித் தானாகவே படிக்கட்டு நிலமாகிவிடும்.

பிஜிக்கு இது புதிதும் இல்லை. 1950களிலேயே மண் காப்பு நிபுணர் ஜான் கிரீன்ஃபீல்டு இங்கே கரும்புச் சரிவுகளில் வெட்டிவேர் வேலி வைத்தார். அந்த முறையைத்தான் உலக வங்கி 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

வெளியிலிருந்து வந்த செடி என்றாலே தீவுக்காரர்கள் பயப்படுவார்கள்; நியாயமான பயம். 1883இல் எலியைப் பிடிக்க இறக்கிய கீரி இன்றும் பறவைகளை அழிக்கிறது, ஆப்பிரிக்க துலிப் மரம் வயல்களில் ஏறிவிட்டது. தென்னிந்திய வகை வெட்டிவேரின் விதை முளைக்காது, நட்ட வரிசையை விட்டு நகராது. வாங்கும்போது அந்த வகைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கேட்பவர்கள், 'வேரைத் தோண்டி விற்கலாமே, வாசனைக்கு நல்ல விலையாச்சே' என்கிறார்கள். தோண்டினால் வேலி போச்சு. வெட்டிவேர் எண்ணெய் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் ஹைட்டியில், மலைச்சரிவில் வேரைத் தோண்டித் தோண்டியே மண்ணை இழக்கிறார்கள். மண் காக்க நட்டதை மண்ணிலேயே விட வேண்டும்.

எதை வைப்பது என்பதற்குக் குத்தகைக் காலத்தையும் பார்க்க வேண்டும். பிஜியின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி விவசாயக் குத்தகை குறைந்தது 30 வருடம். அதில் பாதிக்குமேல் மீதி இருந்தால் தயங்காமல் வெட்டிவேர் வைக்கலாம். மூன்று நான்கு வருடமே மிச்சம் என்றால் அன்னாசியே சரி; போட்ட கூலியாவது திரும்பும். மர நிழல் விழும் இடத்திலும் வெட்டிவேர் இளசில் தேறாது. மேற்கே வறண்ட கரும்புப் பகுதியில் நான் பயிர் செய்ததில்லை. அங்கே தூர் பிடிக்க எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதை அந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெட்டிவேர் வைப்பதானால் மழைக்காலத் தொடக்கத்தில், அரைச் சாணுக்கு ஒரு தூர் என நடுங்கள். கன்று மிச்சம் பிடிக்க ஒரு சாணுக்கு ஒன்று என்று போனால் வரிசை அடைக்க இன்னொரு வருடம் இழுக்கும், அந்த மழைக்கும் மண் போகும்.