ஃபைஃபாக்ஸ்: விசிறியை நிறுத்திவிட்டு எடுத்த ரீடிங்

வேலூரில் ஒரு மகளிர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பிராக்டிகல் வகுப்பில் ஒரு கருவிக்கு ஐந்து பேர். ஒருத்தி ஸ்டாப்வாட்சை அழுத்துவாள், இன்னொருத்தி எண்ணுவாள், மற்ற மூவரும் பார்த்து எழுதிக்கொள்வார்கள். சொந்தமாக ஒரு ரீடிங்கூட எடுக்காமல் பட்டம் வாங்கிப் போனவர்களை நினைத்து வருந்தியிருக்கிறேன். அந்த வருத்தத்தை ஃபைஃபாக்ஸ் செயலி பெருமளவு தீர்த்துவிட்டது.

ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்டது. இலவசம். போனில் ஏற்கெனவே இருக்கும் மைக்கும் உணரிகளும்தான் கருவி.

நான் அதிகம் பயன்படுத்துவது இதிலுள்ள ஒலி ஸ்டாப்வாட்ச். ஒரு சத்தத்தில் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். பலூனில் ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றரை மீட்டர் கீழே எவர்சில்வர் தட்டு வைப்போம். ஊசியால் குத்தினால் பலூன் 'டப்', நட்டு தட்டில் 'டங்'. இடைப்பட்ட நேரம் திரையில் வந்துவிடும்.

முதல் நாள் எல்லாம் தாறுமாறு. தலைக்கு மேல் கடகடத்த மின்விசிறிதான் காரணம். வேலூர் ஏப்ரலில் விசிறியை நிறுத்தச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. பிள்ளைகளே எழுந்து நிறுத்தினார்கள். அப்போதும் பலூனின் எதிரொலியிலேயே கடிகாரம் நின்றது. குறைந்தபட்ச இடைவெளியை, அதாவது முதல் சத்தத்துக்குப் பின் கடிகாரம் வேறு சத்தத்துக்கு நிற்காமல் இருக்கும் நேரத்தை, 0.3 நொடியாக மாற்றிய பிறகுதான் சரியானது.

பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவிக்கு 0.556 நொடி வந்தது. உயரத்தையும் நேரத்தையும் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்குப் போட்டால் 9.70. "மேடம், புத்தகத்தில் 9.8 என்று இருக்கிறதே, எனக்கு ஏன் குறைகிறது?" என்றாள். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறவளுக்கு இந்தக் கேள்வி வராது. டேப்பை வாங்கி மறுபடி அளந்தாள். முதலில் தட்டின் விளிம்புவரை அளந்திருக்கிறாள். நட்டு விழுந்ததோ நடுவில், ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில். திருத்திப் போட்டதும் 9.80. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

எல்லாச் சோதனையும் எல்லாப் போனிலும் ஓடாது. ஊசல் சோதனைக்குச் சுழல் உணரியும், லிஃப்ட் சோதனைக்குக் காற்றழுத்த உணரியும் வேண்டும். விலை குறைந்த போன்களில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டியலில் அந்த வரிகள் மங்கலாகத் தெரியும். அதனால் மைக் போதும் என்கிற சோதனைகளையே முதலில் வைக்கிறேன். யாரிடம் எந்தப் போன் இருக்கிறது என்று வகுப்பில் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த பருவத்துக்கு லாங்கு பஜாரில் இரண்டு பாக்கெட் பலூனும் விளிம்பில்லாத தகடு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.