அதிர்வெண்ணிலிருந்து அலைவு நேரம்: இணையக் கருவியா, கால்குலேட்டரா, மனக்கணக்கா?

கணக்கு என்னவோ ஒரே வரிதான். ஒன்றை அதிர்வெண்ணால், அதாவது வினாடிக்கு எத்தனை அலைவு என்ற எண்ணால், வகுத்தால் ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் வந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50, அதாவது 0.02 வினாடி, 20 மில்லிவினாடி என்றும் சொல்லலாம். இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் சூத்திரம் ஒன்றுதான் என்றாலும் அதைப் போட்டுப் பார்க்க வழிகள் பல. மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லில் டைமர் அமைப்பதும், மின் அலைகளை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் திரையைப் படிப்பதும் என் வேலை என்பதால் இந்தக் கணக்கு அடிக்கடி குறுக்கே வரும். எல்லா வழியையும் புழங்கிப் பார்த்துவிட்டு மனக்கணக்குப் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேகம், துல்லியம் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். எந்த வழியில் போனாலும் சில வினாடி வேலைதான். துல்லியத்தில் இணையக் கருவியும் கால்குலேட்டரும் தேவைக்கு மேலேயே இலக்கங்களைக் கொட்டும். மனக்கணக்கில் இரண்டு மூன்று இலக்கம் சரியாக வந்தால் அதிகம். இதில் போட்டியே இல்லை.

எனக்கு விஷயத்தை முடிவு செய்தது தசமப் புள்ளி. இந்தக் கணக்கில் இலக்கங்கள் தப்பாவது அபூர்வம். 16 மெகாஹெர்ட்ஸை மாற்ற 16 என்று கொடுத்தால் 625 என்ற இலக்கங்கள் எப்படியும் வந்துவிடும். அது 62.5 நானோவினாடியா, 62.5 மைக்ரோவினாடியா என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்வார். இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரம் மடங்கு, ஆனால் தாளில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். அதனால் எந்த வழி வேகமானது என்பதை விட, ஆயிரம் மடங்குப் பிழையை எந்த வழி காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

இணையக் கருவியில் இரண்டு பெட்டிகள், பக்கத்தில் அலகைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். 16 என்று தட்டுகிறோம். அலகு மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது. 62.5 மைக்ரோவினாடி என்று பதில் வரும். கருவியின் மேல் குறையில்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் சொன்னது. இந்தப் பதில் தப்பு என்று கண்டுபிடிக்க, உத்தேசமாக எவ்வளவு வரும் என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்துவிட்டால் பாதி வேலை தலைக்குள்ளேயே முடிந்துவிட்டது, அப்புறம் கருவி எதற்கு? நீளமான எண் வந்தால் மட்டும் அதன் அருமை தெரியும். சீசியம் அணுவை வைத்து வினாடியை வரையறுக்கும் 9,192,631,770 ஹெர்ட்ஸை மாற்றி 108.78 பிக்கோவினாடி என்று மனத்தில் சொல்ல நான் முயல மாட்டேன்.

கால்குலேட்டர் இதை விட மேல். சாதாரண எட்டு இலக்கக் கால்குலேட்டரில் 1 ÷ 16000000 போட்டால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் மிஞ்சும், அதை விட்டுவிடலாம். அறிவியல் கால்குலேட்டரில் தலைகீழி (1/x) விசையை அழுத்தினால் 6.25 × 10⁻⁸ என்று வரும். நானோ என்பது 10⁻⁹ ஆயிற்றே. புள்ளியை ஓர் இடம் தள்ளி 62.5 ஆக்க வேண்டும். வலமா இடமா என்று ஒரு நொடி தடுமாறுவது இங்கேதான். சில மாடல்களில் ‘இஎன்ஜி’ என்று ஒரு விசை இருக்கும். அடுக்கை மூன்றின் மடங்காக மாற்றி 62.5 × 10⁻⁹ என்று காட்டிவிடும். அந்த விசை இருக்கிற கால்குலேட்டருக்கு இரண்டாம் இடத்தைத் தாராளமாகத் தருவேன்.

சரி, மனக்கணக்கு. முதலில் மனத்தில் பதிய வேண்டியது அலகு ஜோடிகள்: கிலோஹெர்ட்ஸுக்கு மில்லிவினாடி, மெகாஹெர்ட்ஸுக்கு மைக்ரோவினாடி, கிகாஹெர்ட்ஸுக்கு நானோவினாடி. ஒரு ஜோடிக்குள் இருக்கும் இரண்டு எண்களையும் பெருக்கினால் 1 வரும். ஆனால் 16 மெகாஹெர்ட்ஸ் மாதிரி எண்ணுக்கு அது 0.0625 மைக்ரோவினாடி என்று முடியும், படிக்கச் சுகமில்லை. அதனால் ஒரு படி கீழே இறங்கி, 1000-ஐ வகுப்பதுதான் என் பழக்கம். ஹெர்ட்ஸால் வகுத்தால் மில்லிவினாடி, கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மைக்ரோவினாடி, மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நானோவினாடி. 1000/16 என்பது 62.5, அலகு நானோ. புள்ளியைத் தள்ளும் வேலையே கிடையாது. 440 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 1000/440, அதாவது 2.27 மில்லிவினாடி. ஆடியோவை வினாடிக்கு 44,100 முறை அளந்து பதியும் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேகத்துக்கு சுமார் 22.7 மைக்ரோவினாடி. திரும்பிப் போகவும் இதே வழிதான்: ஸ்கோப்பில் ஓர் அலை 200 மைக்ரோவினாடி பிடித்தால் 1000/200, 5 கிலோஹெர்ட்ஸ்.

அடிக்கடி வரும் எண்களுக்கு வகுக்கவே வேண்டாம். 2-க்கு 5, 4-க்கு 25, 8-க்கு 125, 16-க்கு 625, 3-க்கு 333 என்று துணைகள் தாமாகவே நினைவில் ஒட்டிக்கொள்ளும். சங்கடமான எண் வந்தால் பக்கத்து எண்ணைப் பிடித்துச் சதவீதத்தால் சரிக்கட்டலாம். கடிகாரத்துக்குள் அதிரும் படிகத்தின் 32,768 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 32 கிலோஹெர்ட்ஸ் என்றால் 31.25 மைக்ரோவினாடி. உண்மையான எண் 2.4 சதவீதம் கூட, ஆகவே நேரத்தில் 2.4 சதவீதம் குறைத்தால் 30.5. சரியான விடை 30.5176. இந்த எண் 2-இன் 15-ஆம் அடுக்கு. பதினைந்து முறை இரண்டால் பிரித்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும் என்பதற்காகவே கடிகாரத்தில் வந்து உட்கார்ந்தது.

இந்தச் சதவீதத் தந்திரம் சிறிய வித்தியாசத்துக்கு மட்டும். 50 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்குப் போனால் அதிர்வெண் 20 சதவீதம் ஏறுகிறது, நேரமோ 20-இலிருந்து 16.67 மில்லிவினாடிக்கு, அதாவது 16.7 சதவீதம்தான் இறங்குகிறது. கிகாஹெர்ட்ஸ் பக்கம் எனக்குப் புழக்கம் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 417 பிக்கோவினாடி என்று இதே முறையில் சொல்லிவிடலாம்தான், ஆனால் அந்தத் துறையில் அன்றாடம் வேலை செய்பவருக்கு இரண்டு மூன்று இலக்கம் போதுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எந்த வழியும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு: கொடுத்த எண் கோண அதிர்வெண்ணாக, அதாவது அலைவுகளை எண்ணாமல் வினாடிக்கு எத்தனை ரேடியன் என்று கோணத்தில் சொல்வதாக (ஒரு முழு அலைவு 2π ரேடியன்), இருந்தால். வினாடிக்கு 314 ரேடியன் என்பதை 314 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டால் 3.18 மில்லிவினாடி வரும். 2π-ஐ 314-ஆல் வகுக்க வேண்டும், அது 20 மில்லிவினாடி. ஆயிரம் மடங்குப் பிழையைப் பிடிக்கும் கண்ணுக்கு இந்த ஆறு மடங்கு தட்டுப்படாது. நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று வரும் எண்ணும் அப்படித்தான், அங்கே 60-ஐ வகுக்க வேண்டும்.

விரிதாளைப் போட்டியில் சேர்க்கவில்லை. நூறு எண்களை ஒரே அடியாக மாற்ற அதை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது, ஒற்றை எண்ணுக்கு அதைத் திறப்பது வீண். பயன்படுத்தினால் சராசரியில் மட்டும் கவனம் வேண்டும். 40, 60 ஹெர்ட்ஸின் சராசரி 50, அதற்கு 20 மில்லிவினாடி. தனித்தனியாக மாற்றிய 25, 16.67 இரண்டின் சராசரியோ 20.83. நேரங்களின் சராசரிதான் வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு அப்புறம் சராசரி எடுங்கள்.